வரதனின் நெஞ்சு

தெரசா ஒரே சமயத்தில் இரண்டு படிப்புப் படித்தாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். பகலில் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த காலேஜில் ரத்தம், சளி, கிருமி என்று பயோமெடிக்கல் சயின்ஸ் டிப்ளமா. சாயங்காலம் ஊரின் வேறொரு மூலையில் சட்டம். ஒன்று டிப்ளமா, ஒன்று டிகிரி என்பதால் யாரும் தடுக்கவில்லை. பகல் காலேஜில் அவளுக்கு 'லாயரம்மா' என்று பெயர், சாயங்காலக் காலேஜில் 'நர்ஸம்மா'. இரண்டு இடத்திலும் சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத்தான் திறப்பாள். கடைசியில் இரண்டிலும் பாஸ் செய்தாள். ஆனால் எந்தக் கேஸுக்காக அவ்வளவு பாடுபட்டாளோ அந்தக் கேஸைப் போடவே இல்லை.

நான் தங்கச் சுரங்க ஊரில், சுரங்கத்தோடு சம்பந்தமில்லாத ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பெண். பெங்களூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்புகிற வண்டியில்தான் அவளை முதலில் பார்த்தேன். அந்த வண்டியில் ஆண்கள் சீட்டாடுவார்கள், பெண்கள் பூக் கட்டுவார்கள், அவரைக்காய் ஆய்வார்கள். இவள் மட்டும் மடியில் சாட்சியச் சட்டத்தையும் கிருமிப் புத்தகத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெரிசலிலும் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

"இங்க உக்காரப் பயமா இல்லியாக்கா?" என்றாள்.

"எனக்கு எடம் கெடச்சா போதும்மா. நீ இன்னா கடிப்பியா?"

அந்த இடம் ஏன் காலி என்று பிறகுதான் தெரிந்தது. நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வருகிற பெண்கள் யாரும் அவளை ஒட்டி உட்கார மாட்டார்கள். அவள் அப்பா ஆபிரகாமுக்கு டி.பி.

ஆபிரகாம் சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை பார்த்தவர். இருமல் முற்றி வேலையை விட்டபோது, கல்தூசியால் வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தூசியில்லை, ஆகையால் இந்த இருமல் புதிதாக ஒட்டிய டி.பி. என்று டாக்டர் வேறு படம் எடுக்காமலேயே எழுதிவிட்டார். மாத்திரை தின்று முடித்தும் இருமல் போகவில்லை. லைனில் அந்தப் பெயரும் போகவில்லை. விசேஷத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். கோயிலில் அந்தக் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஆள் இருக்காது. வீட்டுக்குள்ளேயே அவர் தட்டு தனி, பாய் தனி. மனைவி பாக்கியவதி மகளைக் கூட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் படுக்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் தெரசாவோடு விளையாட வந்த பிள்ளைகளை அம்மாமார் வந்து இழுத்துக்கொண்டு போனார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை, பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நஷ்டஈடு வந்தா சந்தோஷம், வராட்டியும் பரவால்லக்கா. எங்க நைனாவுக்கு இருக்கறது ஒட்டுவாரொட்டி இல்லன்னு கோர்ட்டு சொல்லணும். வெறும் சயின்ஸ் படிச்சிட்டுப் போய் சொன்னா லைன்ல கேப்பாங்களா? தீர்ப்புன்னா கேப்பாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஊரில் டாக்டர் பேச்சை மறுத்துப் பேசுகிறவர்கள் உண்டு, ஜட்ஜ் பேச்சை மறுத்து யாரும் பேசிக் கேட்டதில்லை.

எழுதிக் கொடுத்து, ஆள் மாற்றி ஆளைப் பார்த்து, மாசக்கணக்கில் அலைந்து அப்பாவின் பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கினாள். வாங்கிய மறுநாளே வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பங்காருபேட்டை தாண்டி வெயில் ஏறியதும் ஒரு படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. மறுபடி முதல் படத்தையே எடுத்துப் பிடித்தாள். நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இது எங்க நைனா இல்ல."

ஆபிரகாமுக்கு இளவயதிலேயே கல் சரிந்து இடது காறை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. சட்டைக்கு மேலேயே முண்டு தெரியும். படத்தில் இருந்த எலும்போ கோடு போட்டதுபோல நேராக இருந்தது. எல்லா வருஷத்துப் படத்திலும் அதே நேர் எலும்பு, அதே சுத்தமான நெஞ்சு.

அது வரதனின் நெஞ்சு. வரதன் மேலே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஆபிரகாமின் கூட்டாளி, சுரங்கத்துக்குள் இறங்காத ஆள். வருஷா வருஷம் எக்ஸ்ரே நாளில் அவர் வந்து அப்பாவின் வேலை நம்பர் டோக்கனை வாங்கிப்போனது தெரசாவுக்கு ஞாபகம் வந்தது, அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"டோக்கன் எடுத்துக்கினு போனா போதும்மா, மூஞ்சியவா பாக்கறாங்க? நெஞ்சுல தூசி கீதுன்னு தெரிஞ்சா உங்கப்பன சுரங்கத்துலருந்து மேல் வேலைக்கு ஏத்திடுவாங்க, அண்டர்கிரவுண்டு அலவன்ஸ் பூடும். நீ அப்ப கான்வென்டுல படிச்சிக்கினு இருந்த. அவன் ஒருத்தனுக்கு மட்டுமா நின்னேன்? இந்த லைன்ல பாதிப் பேருக்கு நின்னுகீறேன். என் நெஞ்சு நல்லாகீது, ஒரு ஒதவிதானேன்னு போனேன்."

"அதனாலதான் டி.பி.ன்னு எழுதிட்டாங்க, மாமா."

வரதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மைன்ஸ மூடப்போறாங்களாம். எல்லாரும் செட்டில்மென்டுக்குக் காத்துக்கினு கீறாங்க. இத நீ கோர்ட்டுல இழுத்தா ஒவ்வொரு படமா நோண்டுவாங்க. அத்தினி பேர் வயித்துலயும் அடிச்சிடாதம்மா."

யாரோ ஒருவர் கதைபோல இதைச் சட்டக் காலேஜில் கேட்டுப் பார்த்தாள். வாத்தியார் சந்தோஷமாக விளக்கினாராம்: ஆள்மாறாட்டம் செய்தவன் அதனால் வந்த நஷ்டத்துக்கு எந்த முகத்தோடு நியாயம் கேட்பான்? வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று ஸ்டேஷனுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. டி.பி. என்று எழுதியது தப்பு என்று காட்ட அவளிடம் சாட்சி இருந்தது, ஆனால் அதே சாட்சி ஒரு லைனையே கவிழ்த்துவிடும். இதை அம்மாவிடம் சொல்ல முடியாது, லைனில் சொல்ல முடியாது, இரண்டு காலேஜிலும் சொல்ல ஆளில்லை. அத்தனை படிப்பும் அவளை இன்னும் தனியாளாக்கியதுதான் மிச்சம். எனக்கு ஆபிரகாம்மேல் அப்படியொரு கோபம் வந்தது. மனுஷனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கோர்ட்டை விட்டாள். "வீட்டுக்காச்சும் தெரியட்டும்" என்றாள். அப்பாவின் சளியைச் சில நாள் காலையில் டப்பியில் எடுத்துப் போய், காலேஜில் தன் கையாலேயே சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் தேடினாள். கிருமி இல்லை. அவரை வண்டியில் ஏற்றிப் போய்ப் புதுப் படம் எடுத்தாள். அதில் கோணல் எலும்பும் இருந்தது, நுரையீரல் பூராவும் பொடிப் பொடியாகத் தூசியும் இருந்தது. டி.பி. இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார்.

இதை வீட்டில் சொல்லத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். ஆபிரகாம் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாக்கியவதி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தெரசா எல்லாவற்றையும் சொன்னாள். வரதன், டோக்கன், எலும்பு, தூசி, கிருமி இல்லாதது, ஒன்றும் விடவில்லை.

"ஒனக்கு மொதல்லயே தெரியும் இல்ல நைனா?"

"தெரியும்மா" என்றார் ஆபிரகாம். இருமி முடிக்க நேரமானது. "வாயத் தொறந்தா வரதன் வேல பூடும். உங்கம்மாகிட்ட சொன்னா அவ மனசு தாங்காம யார்கிட்டயாவது சொல்லிடுவா. எனக்கு வந்தது என்னோட போவட்டும்னு விட்டுட்டேன்."

திட்டலாமென்று வந்த நான், தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினேன். தெரசா அப்பாவின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மகள் தலையைத் தொட்டபடி, சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். அவர் குரலில் புது மாப்பிள்ளையின் கூச்சம் இருந்தது.

"பாக்கியம், கேட்டியா? ஒட்டாதாம். இனிமே நீ இங்கயே வந்து படுத்துக்கலாம்."

பாக்கியவதி களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"எத்தினி வருசமாச்சி. எனக்கு இப்ப தனியா படுத்தாதான்யா தூக்கமே வருது."

"அதும் செரிதான்" என்றார் ஆபிரகாம்.