அறை எண் இல்லாத வரி

போன ஐப்பசி பௌர்ணமியன்று நடந்தது இது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியின் மேலாளர் நான். அங்குள்ள இணைய இணைப்பையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

எந்தெந்த அறைக்கு இணையம் போகலாம் என்பது அலுவலகக் கணினியில் ஒரு கோப்பில் இருக்கும். அறைக்கு ஒரு வரி. புது அறைகள் கட்டக் கட்டச் சேர்த்ததால் 204-க்குப் பிறகு 101, அதன் பிறகு 307 என்று கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை, அறை எண் வரிசையில் அடுக்குவதற்குப் பெர்ல் என்ற கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினேன். பழைய பிரதியோடு ஒப்பிட்டேன். ஒரு வரியும் விடுபடவில்லை. இரவு முழுக்க இணையமும் ஓடியது.

காலையில் கரன்ட் போய் வந்தது. அதன் பிறகு எந்த அறையிலும் இணையம் இல்லை.

செய்யாறு பக்கத்திலிருந்து கணவரோடு கிரிவலம் வந்திருந்த ஒரு செவிலியர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் நேர்காணல், வீடியோவில், பதினொரு மணிக்கு. ஏற்கெனவே தள்ளிப்போய் மறுபடி கிடைத்த வாய்ப்பாம். பௌர்ணமிக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். எங்கள் இணையத்தைத்தான் நம்பியிருந்தார்.

"அரைமணி நேரந்தான் சார் இருக்கு."

"வீட்லயே ஒக்காந்து பேசுன்னேன்" என்றார் கணவர். "மலையச் சுத்திட்டுத்தான் பேசுவேன்னா. இப்ப மலையே வந்து இன்டர்வியூ எடுக்கட்டும்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

கேபிளை மாற்றினேன். இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் சரி. இரவு ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை? கரன்ட்தான் எதையோ கெடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பின்னால் நின்று திரையைப் பார்த்த செவிலியர் கேட்டார். "மொதல் வரியில ரூம் நம்பரே இல்லையே, அது என்ன சார்?"

"அது கடைசி வரிம்மா. மேல சொன்னவங்களத் தவிர யாரையும் விடாதேன்னு அர்த்தம்."

"கடைசி வரி ஏன் மொதல்ல நிக்குது?"

"வாசல்ல நிக்கிறவரே யாரையும் விடாதேன்னா, பின்னாடி இருக்கிறவன் பாஸ் வச்சிருந்து என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர்.

அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது. எண் இல்லாத வரியைப் பெர்ல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு உச்சியில் வைத்திருந்தது. கணினி மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும்; அந்த வரியோ எல்லா அறைக்கும் பொருந்தும். இரவில் ஓடியது பழைய வரிசை. கரன்ட் வந்து மறுபடி இயங்கியபோதுதான் புதிய வரிசையைப் படித்திருக்கிறது.

அந்த வரியைக் கீழே இறக்கி மறுபடி இயக்கினேன்.

"வந்துடுச்சு!" என்று செவிலியர் மாடிக்கு ஓடினார். கணவர் என்னருகிலேயே உட்கார்ந்திருந்தார். படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன். எடுப்பாங்களான்னு தெரியல" என்றபடி நேர்காணல் முடிந்து இறங்கி வந்தார் செவிலியர். மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். வேலை கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எதுவும் கலைந்து கிடந்தால் அடுக்கி வைக்க இப்போதும் கை பரபரக்கிறது. ஆனால் அந்த வரிசையை நம்பியே யாரோ போய்க்கொண்டிருக்கலாம் என்ற தயக்கமும் கூடவே வருகிறது.