நோட்டக்கா போடாத கையெழுத்து

ஆபீசில் அவளுக்கு நோட்டக்கா என்று பேர். நேற்று சேர்ந்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிற கணக்கரும் அப்படித்தான் கூப்பிடுவார். போன் செயலி செய்கிற கம்பெனியில் பேனா பிடித்து எழுதுகிற ஒரே ஆள் அவள்தான். மேஜையில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு. கேலி செய்யாதவர் பாக்கியில்லை, அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

நோட்டு வந்ததற்குக் காரணம் மேனேஜர். ஒரு காலத்தில் அவளும் எல்லோரையும் போல், கண்ணில் பட்ட கோளாறையெல்லாம் கம்ப்யூட்டரில்தான் பதிந்தாள். மறுநாள் பார்த்தால், "மறுபடி வரவில்லை, முடிந்தது" என்று அதன் தலையில் எழுதி மேனேஜர் மூடியிருப்பார். எட்டாவது கோளாறு இப்படி மாயமான அன்று சாயங்காலமே கடைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். இதை எவன் மூடுகிறான் பார்ப்போம் என்று முதல் பக்கத்தில் தேதி போட்டாள். இப்போது ஓடுவது ஒன்பதாவது நோட்டு.

அவள் நாலு வருடமாகக் கட்டிக் காத்தது ஓர் ஆஸ்பத்திரிச் செயலி. எந்தக் கட்டிலுக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று நர்ஸ் போனில் தட்டினால் பதிவாகும். தட்டியதும் அடுத்த கட்டிலின் பக்கம் தானாக வரும். நர்ஸுக்குக் கை மிச்சமாகட்டும் என்று அந்த வசதியைப் போட்டவள் அவளேதான். செயலி போனிலேயே ஓடியதால், லைன் இல்லாத மூலையிலும் தட்டியதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

அப்புறம் மேனேஜருக்கு ரிமோட் ஆசை வந்தது. செயலி முழுவதும் சர்வரில் ஓடட்டும், போனில் அதன் படம் மட்டும் தெரியட்டும் என்றார். ஓர் இடத்தில் திருத்தினால் முந்நூறு போனிலும் திருந்திவிடும். நல்ல விஷயம்தான், நோட்டிலும் அப்படித்தான் எழுதினாள். கீழேயே இன்னொரு வரியும் எழுதினாள்: "லைன் அறுந்தால் படம் அப்படியே நிற்கும். நிற்கிற படமும் ஓடுகிற படமும் பார்க்க ஒன்றுதான்."

சோதனை நடந்த லட்சணத்தைக் கேட்க வேண்டுமே! கம்ப்யூட்டர் திரைக்குள் போன் மாதிரி ஒன்றை நிற்க வைப்பார்கள். எமுலேட்டர் என்று பேர். ஏசி அறையில், கம்பி லைனில், அது பாட்டுக்கு ஜோராக ஓடும். கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாத போனை வைத்து, நாள் முழுக்க நடக்கிற நர்ஸின் வேலையைச் சோதித்தார்கள். எல்லாம் பச்சை டிக். டீமே கை தட்டியது.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். துணி மடித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார்.

"உங்க புது செயலி லிப்ட்ல ஏறுமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அது இரும்புப் பெட்டிம்மா. கதவு சாத்திட்டா உள்ள கத்துறதே வெளிய கேக்காது. உன் லைன் மட்டும் எப்படி வரும்?"

மறுநாள் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் லிப்டில் ஏறினாள். அன்றைய நோட்டில் இப்படி இருக்கிறது: "கட்டில் 13. கொடுத்தாச்சு என்று தட்டினேன். அசையவில்லை. இன்னும் இரண்டு முறை தட்டினேன். கதவு திறந்ததும் மூன்று தட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. முதல் தட்டு 13-க்கு. அதற்குள் பக்கம் மாறிவிட, இரண்டாவது 14-க்கு, மூன்றாவது 15-க்கு. பதினாறு தடவை பார்த்தேன். பதினாறும் இதே கதை."

பதினாலிலும் பதினைந்திலும் படுத்திருப்பவர்களுக்கு மருந்தே போயிருக்காது. போயிற்று என்று செயலி சொல்லும்.

மேனேஜர் நோட்டைத் தொடக்கூட இல்லை. "நர்ஸ் எதுக்கும்மா லிப்ட்ல நின்னு தட்டப் போறாங்க?"

"நடந்துகிட்டேதான் சார் தட்டுவாங்க. அவங்களுக்கு உக்கார ஏது நேரம்?"

"வியாழக்கிழமை வெளியிடறோம். ஃபாரத்துல கையெழுத்து போடுங்க."

ஃபாரத்தில் ஒரே ஒரு வரி: சோதித்தேன், பாதுகாப்பாக இருக்கிறது. அதன் கீழே அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது, ஆஸ்பத்திரியோடு போட்ட ஒப்பந்தம் அப்படி.

"போட முடியாது சார்."

"அப்ப இந்த டீம்ல உங்க இடத்தைப் பத்தி நான் யோசிக்க வேண்டி வரும்."

"யோசிங்க சார். நல்லா நிதானமா யோசிங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. நாற்பத்தாறு வயதில், பேனாவும் நோட்டுமாக அலைகிறவளுக்கு எவன் வேலை கொடுப்பான்? பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனாலும் ஃபாரம் பையிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் கூட்டம். இயக்குநர், தலைமை நர்ஸ், மேனேஜர், இவள். கையெழுத்தைக் கடைசி நிமிஷத்தில் நாலு பேர் முன்னால் வாங்கிவிடலாம் என்பது மேனேஜர் போட்ட திட்டம். பயிற்சிக்கென்று போட்ட நோயாளிப் பட்டியலை வைத்துச் செயலியை ஓட்டிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அவ்வளவுதான், இவங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது" என்று பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்காமல் தலைமை நர்ஸைப் பார்த்தாள். "மேடம், இந்தப் போனோட ரெண்டாவது மாடி வரைக்கும் லிப்ட்ல போயிட்டு வரலாமா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று மேனேஜர் குறுக்கே விழுந்தார்.

"என் வார்டே அங்கதான் இருக்கு" என்றார் தலைமை நர்ஸ். "வாங்க எல்லாரும்."

லிப்ட் கதவு சாத்தியதும் தலைமை நர்ஸ் பதின்மூன்றைத் தட்டினார். அசையவில்லை. "என்ன இது, கல்லாட்டம் நிக்குது?" யாரும் சொல்லாமலே இன்னும் இரண்டு தட்டு தட்டினார். கதவு திறந்தது. திரையில் பக்கங்கள் தடதடவென்று புரண்டன. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பதினாலுக்கு யார் மருந்து குடுத்தது?"

விரலால் அடுத்த வரிக்குப் போனார். பதினைந்திலும் கொடுத்தாயிற்று என்றே இருந்தது.

"நான் குடுக்கலையே. அடுத்த ஷிப்டுல வர்ற பொண்ணு இதைப் பாத்துட்டு, குடுத்தாச்சுன்னு தாண்டிப் போயிடுவாளே!" அவர் குரல் ஏறியது. "இது தெரிஞ்சா எங்கிட்ட கொண்டு வந்தீங்க?"

"சின்ன விஷயம் மேடம், குறிச்சுக்கறோம்" என்று மேனேஜர் பூசி மெழுகினார்.

"நான் குறிச்சுட்டேன்" என்று நோட்டக்கா நோட்டைப் பிரித்தாள். லிப்ட் வாசலிலேயே நின்று, இடது கையில் நோட்டைத் தாங்கிக்கொண்டு, தன் பேனாவால் அன்றைய தேதி போட்டு எழுதினாள்: "அடுத்த பக்கம் தானாக வரும்படி வைத்தது என் தப்பு. லிப்டில் சோதிக்காமல் வெளியிடத் துணிந்தது கம்பெனியின் தப்பு. இரண்டும் சரியாகும்வரை இது வார்டுக்குள் வரக்கூடாது. பார்த்தவர்கள்:"

கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை நர்ஸ் கேட்காமலே நோட்டைப் பிடுங்கித் தன் கையெழுத்தைப் போட்டார். இயக்குநர் ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டுப் போட்டார்.

நோட்டு அவள் கைக்குத் திரும்பி வந்தது. அவள் அதை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களும் பாத்தீங்கல்ல சார்? ஒரு கையெழுத்து போடுங்க."

அவளிடம் நீட்டிய பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.