கணுவுக்குக் கணு வேர்: எண்ணூர் மணலில் எழுத்தாணிப் பூண்டு

வடசென்னை டோல்கேட் பக்கம் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. மாமனார் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து போட்டது. பதினொரு வருடமாகக் கல்லாவில் நான்தான். போன மாசியில் ஒரு திங்கட்கிழமை, ராயபுரம் பிலோமினா அக்கா ஒரு பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மலச்சிக்கலுக்கு எங்களிடம் எழுத்தாணிப் பூண்டுப் பொடி வாங்குகிறவர். இந்த முறை பொடி தீர்ந்துபோனதால், பொடிக்கு அரைக்கிற காய்ந்த செடியையே முழுசாகக் கொடுத்திருந்தேன். அவர் பிறந்த வீடு எண்ணூர்க் குப்பம். சின்ன வயதில் பறித்துத் தின்ற கீரை அது, இது அதில்லை என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னாரே, அதனால்தான் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன்.

எங்கள் வியாபாரத்தில் சோதனை ஒன்றுதான். மூட்டை வந்ததும் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுவோம், கசந்தால் சரி. அந்தச் செடியை உயிரோடு நானோ வீட்டுக்காரரோ பார்த்ததே இல்லை. கடையிலிருந்த பழைய வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினேன். கடற்கரை மணலில் படரும், கணுவுக்குக் கணு வேர்விடும் என்று இருந்தது. அக்காவின் தம்பி மனைவி ஸ்டெல்லா இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறார் என்றதும், புதன்கிழமையே கிளம்பிவிட்டேன். பையில் கடைச் செடி ஒரு கட்டு.

தண்டையார்பேட்டையில் காலை 7.10 வாக்கில் கும்மிடிப்பூண்டி ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், எண்ணூருக்கு இருபது நிமிடம். அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். கரையில் பார்க்க என்ன இருக்கிறது, கொட்டிவைத்த கல்லுதான் என்றார் ஓட்டுநர். கீரை பார்க்கப் போகிறேன் என்றேன். கண்ணாடியில் ஒரு மாதிரி பார்த்தார்.

ஸ்டெல்லாவுக்கு மீன் வியாபாரம். அன்று படகு போகாததால் வீட்டில் இருந்தார். முகத்துவாரத்துக்குத் தெற்கே அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய், "தோ கீது பாரு" என்று மணலைக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குனிந்தேன். அப்புறம் எங்கு பார்த்தாலும் மஞ்சள்! இரண்டு ரூபாய்க் காசளவு பூ, இதழ் நுனியெல்லாம் பல் பல்லாக. ஓரம் வெட்டுப்பட்ட தடித்த இலைகள் மணலோடு மணலாக வட்டமாகப் படுத்திருந்தன. கிள்ளினால் வெள்ளைப் பால். முற்றிய பூவில் பஞ்சுக் குடை வைத்த விதைகள், ஊதினால் பறந்துவிடும்.

ஒரு கொடியைப் பிடித்து முட்டிபோட்டே பின்தொடர்ந்தேன். நூல் மாதிரி மெல்லிய தண்டு. ஒரு சாண் போய் ஒரு கணு. அங்கே கீழே வேர், மேலே ஒரு செடி. மறுபடி ஓட்டம், மறுபடி கணு. பதினான்கு அடி தூரத்தில் பத்தொன்பது செடிகள், எல்லாம் ஒரே கொடி. நடுவில் ஓர் இடத்தில் காணாமல் போனது. விரலால் தோண்டினால், போன புயலில் மூடிய மணலுக்கு அடியில் ஓடி அந்தப் பக்கம் எழுந்து பூத்திருக்கிறது. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முன்னால் உப்புத் தண்ணீர், நடுவில் இது. அம்மாடி, உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஸ்டெல்லா ஒரு செடிக்கு இரண்டு இலைக்கு மேல் கிள்ளவில்லை. கொடியை இழுக்கவே கூடாதாம். கழிவு ஓடும் பக்கத்துச் செடியைத் தொடவும் இல்லை. வீட்டில் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைந்து தந்தார். மீன் குழம்புச் சோற்றுக்கு அந்தக் கசப்பு தேவாமிர்தம்.

சாப்பிட்ட பிறகுதான் பையிலிருந்த கடைச் செடிக் கட்டை வெளியே எடுக்கத் தைரியம் வந்தது. ஸ்டெல்லா ஒரு தண்டை உருவி நிமிர்த்திப் பிடித்தார்.

"இது படர்ந்ததே இல்லக்கா. நிமிந்து நின்ன செடி. இதுல கணுவுல வேரு எங்க கீது?"

இல்லை. ஒன்றில்கூட இல்லை. வெட்கத்தை மறைக்க வியாபாரத்தில் இறங்கினேன். மாதம் ஒரு மூட்டை காயவைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். ஸ்டெல்லாவுக்குக் கோபம் வரவில்லை.

"இந்தக் கொடிதான் மணலப் புட்ச்சினு கீது. மூட்ட கட்டுனா மணல் பூடும். மணல் பூட்டா எங்க வூடு பூடும். துன்றதுக்குன்னா இன்னும் ரெண்டு கை எடுத்துக்கோ."

போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் கரையில் இருங்கள், பத்தரைக்கெல்லாம் பூ மூடிக்கொள்கிறது. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் எதையும் வாயில் போடாதீர்கள். கைப்பிடிக்கு மேல் பறிக்காதீர்கள். காய்ந்த செடி வாங்கினால் பொடியாக வாங்காமல் முழுசாக வாங்கி, கணுவில் வேர் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தாகச் சாப்பிடுவதானால் வைத்தியரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் கடையில் அந்தச் செடி மூட்டையை விற்காமல் ஓரமாக எடுத்துவைத்துவிட்டு ராயபுரம் போனேன். அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன், இவ்வளவு வருடமும் நான் கொடுத்தது வேறு செடி என்று. பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

"அப்ப நான் துன்னுகினு இருந்தது இன்னா செடிம்மா?"

தெரியாது என்றேன். கடைக்கு வந்து சாடிகளை எண்ணினேன். எண்பத்திரண்டு. அதில் உயிரோடு நான் பார்த்த செடிகள் ஒன்பது.