பதினெட்டு முக்கோண விளக்கு

என் அக்கா வீட்டுக்காரர் அட்டையில் விளக்குக் கூடு செய்து விற்பவர். ஒரே அளவில் சமபக்க முக்கோணங்களை வெட்டி ஒட்டுவார். கூடு எல்லாப் பக்கமும் புடைத்து நிற்க வேண்டும், எங்கும் குழி விழக் கூடாது என்பது அவர் கொள்கை. நாலு முக்கோணத்தில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிப் பதினாறு வரை வந்துவிட்டார். இருபதும் செய்தார். பதினெட்டு மட்டும், மூடும்போது எங்காவது உள்ளே குழிந்தது.

"குழி விழாம பதினெட்டு வரவே வராதுப்பா. எப்பவோ நிரூபிச்சுட்டாங்க," என்றாள் கணக்குப் படிக்கும் மகள்.

"நிரூபிச்சவங்களுக்கு ஒட்டத் தெரியல," என்றார்.

பசையை மாற்றினார். அட்டையை மாற்றினார். ஈரக் காற்றைத் திட்டினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் முக்கோணம் மாட்டினால் என்ன ஆகும்?

ஒருநாள், "வந்துடுச்சு!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். கூடத்து மூலையில் பதினெட்டு தொங்கியது, குழி சுவரைப் பார்த்தபடி.

"இப்போ எங்க இருக்கு குழி?" என்றார்.

அன்றோடு கணிதம் தோற்றது. தூசி தட்டும்போதுகூட அக்கா அதைத் திருப்புவதில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு எதைத் திருப்பக் கூடாது என்று தெரியாதா?