கீழ் மூலை நெல்

சுரங்கத்து மனுஷனை வயலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். கேட்கத்தான் ஆளில்லை.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம் கம்பெனி லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தரைக்கடியில் பாறை துளைக்கிற வேலை. வயது ஏறுவதற்கு முன்பே பாறைப் புழுதியில் அவருக்கு மூச்சு இழுப்பும் இருமலும் ஆரம்பித்துவிட்டன. லைனில் அந்த இருமல் வந்தவர்கள் யார் யார், அவர்களை எந்த வழியாகச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் வேலையை விடச் சொல்லி அடம் பிடித்தேன், அழுதேன், சோறு ஆக்காமல் இருந்தேன். கடைசியில் பங்காருபேட்டைக்குப் போகிற வழியில் ஓர் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நன்செய், விளைச்சலில் பங்கு கொடுக்கிற கணக்கில், வாரத்துக்குக் கிடைத்தது. நிலத்துக்காரர் தெலுங்கர், வெளியூர்வாசி, எப்போதாவது வந்து பார்ப்பவர். இந்த ஒரு போகத்தை ஒழுங்காக வீடு சேர்த்துவிட்டால் நிலத்தை எங்களிடமே விட்டுவைப்பதாகச் சொன்னார். இல்லாவிட்டால் மறுபடியும் ஷிப்டு, மறுபடியும் அந்தப் புழுதி. வேறு பிழைப்பு எங்களுக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் மீசை முளைப்பதற்கு முன்பே ஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். நானோ நாற்று நட்டவள், களை பறித்தவள். மடை திறப்பதும் மூடுவதும் ஆம்பிளைகள் பாடு என்று வளர்ந்தவள். இந்த லட்சணத்தில்தான் பயிர் வைத்தோம். துரைமார் குதிரை லாயத்து எருவைக் கேட்டு வாங்கி, கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினோம். பயிர் கருகருவென்று எழுந்தது. பக்கத்து வயல்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இருமல்கூடக் குறைந்ததுபோல் இருந்தது. எனக்கு அது போதும்.

ஐப்பசி பிறந்ததும் தூறலும் பனியுமாக மாறி மாறி வந்தது. ஒரு காலையில் இலைகளில் புள்ளி பார்த்தேன். இரண்டு முனையும் கூர்ந்து கண் மாதிரி இருந்தது. ஓரத்தில் பழுப்பு, நடுவில் சாம்பல். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"இன்னாமே இது, சயனைடு மேட்டு மண்ணு கலராட்டம் கீது," என்றார்.

மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க மில்லில் சயனைடு போட ஆரம்பித்திருந்த புதிது. அந்தக் கழிவு மேட்டுப் பக்கம் தேங்கின தண்ணீரைக் குடித்து லைனில் ஓர் ஆடு செத்திருந்தது. அதிலிருந்து யாருக்கு வயிறு வலித்தாலும் சயனைடுதான். அவருடைய பழைய ஷிப்டுக் கூட்டாளிகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, விஷத் தண்ணீர் மழையோடு ஊறி ஏரிக்கு வந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார்கள்.

"அப்போ தண்ணிய வெளியே தள்ளிடணும்," என்றார் இவர்.

சுரங்கத்தில் தண்ணீர் என்றாலே பகை. தரைக்கடியில் ஒரு லெவலில், ஓர் அடுக்கில், ஊற்றுக் கண்டால் முதல் வேலை அதை வெளியேற்றுவதுதான். அந்தப் புத்தியோடு இறங்கினார்கள் மூன்று பேரும். வரப்பை வெட்டி, வயலுக்கு நடுவில் வாய்க்கால் பிடித்து, சொட்டுத் தண்ணீர் நிற்காமல் வடித்தார்கள். ஏரி மடையை மண் வைத்து அடைத்தார்கள். கீழ் மூலையில் மட்டும் ஒரு பள்ளம். அங்கே தேங்கினது எவ்வளவு வெட்டியும் வடியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவர் திட்டினார்.

அதன் பிறகு பயிர் நாளுக்கு நாள் தீய்ந்தது. புள்ளியும் புள்ளியும் சேர்ந்து இலை முழுக்கக் காய்ந்தது. "இன்னும் வெசம் எறங்கல," என்று சொல்லிக்கொண்டு அவர் காலை முதல் பொழுது சாயும் வரை வயலிலேயே நின்றார். மறுபடி இருமல் ஏறியது. நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. கோழியைத் துரத்தினேன், பானையை உடைத்தேன்.

கதிர் வெளிவரும் சமயத்தில்தான் நிலத்துக்காரர் வந்தார். வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"தண்ணிய யாரும்மா வடிச்சது?"

"சயனைடு தண்ணிங்க. பயிரெல்லாம் சாவுது," என்றார் இவர்.

"அதே ஏரித் தண்ணிதானே அக்கம்பக்கத்து வயலுக்கெல்லாம் பாயுது? அதெல்லாம் செத்தா போச்சு?" என்று கையை நீட்டிக் காட்டினார். "இது அக்கி தெகுலு. நெருப்பு நோவு. பனியில வர்றது. குதிரை எருவ அவ்ளோ கொட்டினா கூப்பிட்டு வச்ச மாதிரி. காஞ்ச வயல்ல இன்னும் வேகமா ஏறும். புள்ளி பாத்த அன்னியிலேருந்தே தண்ணிய வயல்லயே தேக்கி வச்சிருந்தா கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்."

எங்கள் ஊரில் குலை நோய் என்பார்களே, அதுதான். நான் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கே மடையைத் திறந்தோம். என் வீட்டுக்காரர் வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். தண்ணீர் உள்ளே ஓடி வருவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் நோய் அதற்குள் கதிரின் கழுத்தில் ஏறிவிட்டிருந்தது. கதிருக்குக் கீழே கழுத்து கறுத்து, மேலே எல்லாம் வெளுத்து, மணி பிடிக்காமல் விறைத்து நின்றது. நல்ல கதிர் பாரத்தில் குனியும். எங்கள் வயலில் எதுவும் குனியவில்லை. அவர் ஒரு கதிரை இழுத்தார். கழுத்தோடு ஒடிந்து கையில் வந்தது.

"எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மே," என்றார்.

வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

கீழ் மூலையில் மட்டும், அவரால் வடிக்க முடியாமல் போன அந்தப் பள்ளத்தைச் சுற்றி, கொஞ்சம் விளைந்திருந்தது. அதை மட்டும் அறுத்தோம். நிலத்துக்காரர் பங்கு கேட்கவில்லை. "நோவு கண்ட வயல் நெல்லை வெதைக்கு வைக்காதீங்க, வைக்கோலைக் கொளுத்திடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நிலத்தை வேறு ஆளுக்கு விட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

வைக்கோலுக்கு நான்தான் தீ வைத்தேன். அது எரிந்து அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் ஷிப்டு கேட்க மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன என்பார்.

மறுபடி சுரங்கத்துக் கூண்டில் கீழே இறங்குகிற முதல் நாள் அந்த மூலை நெல்லைக் குத்திச் சோறாக்கித் தூக்குவாளியில் கொடுத்தேன். திரும்பி வந்து, "சோறு நல்லா இருந்துச்சிமே," என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மிச்ச நெல்லைப் பண்டிகைக்கு என்று பானையில் மூடி வைத்தேன். பொங்கலுக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். மாசி பிறந்ததும் அதுவும் இறங்கவில்லை. அவருக்கு வாய்க்கரிசி போட அந்த நெல்லைத்தான் குத்தினோம்.