ஜெர்மன்ல எறங்கின ஆடு

புரட்டாசி ஒன்பது, வியாழக்கிழமை. எட்டு ஐம்பதுக்குக் கோவில்பட்டி அலுவலகத்தைத் திறந்தேன். குடத்தில் தண்ணீர் நிரப்பினேன். பீரோக் கதவிலிருந்த ஜப்பான் ஸ்டிக்கரை ஈரத்துணி வைத்து உரித்தேன். அதற்கடியில் இங்கிலாந்து, அதற்கும் அடியில் ஜெர்மனி. எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தரும் நாடு மாறும்போதெல்லாம் இது என் வேலை. ஜெர்மனியின் தேவாலயப் பணம் வற்றிவிட்டது. இந்தியா வளர்ந்துவிட்டது என்று இங்கிலாந்து நிறுத்திக்கொண்டது. ஜப்பானின் திட்டக் காலம் முடிந்தது. அன்று கொரியாவிலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் வருவதாக இருந்தது.

நாகலாபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் மகளிர் சங்கத் தலைவியாக இருந்த அக்காவை நினைத்தால் அந்த நாள்தான் முன்னால் வருகிறது. ஊர்க் குட்டையில் பாதிக்கு மேல் மண் மேவிக் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் தூர் வார வேண்டும். கரிசல் நனைந்துவிட்டால் இயந்திரம் இறங்காது. அந்தக் கோடையிலும் ஆடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். கொரியாக்காரர்களோ புதிய வேலைக்கு மட்டுமே பணம் தருவார்கள். குட்டை, ஜெர்மனி பணத்தில் வெட்டியது. அந்த நாட்டின் பெயர் யார் வாயிலும் வரக் கூடாது என்று எங்கள் செயலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். அக்காவும் தலையாட்டியிருந்தார்.

சங்கக் கட்டடத்தில் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒருத்தி ஓடிவந்து கத்தினாள்: “யக்கா, ஒங்க ஆடு ஜெர்மன்ல எறங்கிட்டு!”

செயலாளர் இருமினார். மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே சொல்லிவிட்டார். “ஜெர்மனியிலா?” என்று அம்மையார் கேட்டார்.

“குட்டைக்கு அதான் பேரு. வெட்டுனவிய பேரு,” என்றார் அக்கா. “அவிய போய் வருசமாச்சு, பேரு போகல.” பிறகு செயலாளரைப் பார்த்து, “என்ன சார் முழிக்கீங்க? நானா சொன்னேன்? ஆடுல்லா காட்டிக்குடுத்துட்டு!”

அப்படியானால் இது பழைய வேலை ஆயிற்றே என்று அம்மையார் தயங்கினார்.

“குட்டை பழசுதாம்மா. நீங்க தோண்டப்போற ஆழம் புதுசுல்லா?”

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்; திரும்பச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். மாலை நாலே கால் மணிக்கு அனுமதி மின்னஞ்சல் வந்தது. வேலையின் பெயர்: ‘புதிய ஆழம்’.

அக்கா இப்போது மணியாச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் என் நலம் விசாரிப்பதற்கு முன், “ஜெர்மன்ல தண்ணி கெடக்கா?” என்றுதான் கேட்பார்.

அன்று அனுமதி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, காபிகூடக் குடிக்காமல், ஜேசிபிக்காரரைப் போனில் பிடித்தேன். கொரியா வேலை, உடனே வர வேண்டும் என்றேன்.

“கொரியாவா? அது எங்கன இருக்கு, அண்ணாச்சி?”

“ஜெர்மனுக்கு அடியில,” என்றேன்.