கோழிக்குப் போட்ட கருப்பு நெல்

எழுபதுகளின் நடுவில் திருப்போரூர்ப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளனாக இருந்தேன். உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடுவது எங்கள் வேலை. கைக்குக் கிடைத்ததைத் தொலைத்தவர்களும் நாங்கள்தான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே உப்பங்கழி ஓரம் ஒரு அம்மாள் பயிர் வைத்திருந்தார். கடல் தண்ணீர் ஏறிய வருடத்திலும் அவர் வயல் விளைந்தது. ஒரு மரக்கால் விதை கேட்டேன், கொடுத்தார். சிவப்பு நெல்லோடு கருப்பு நெல்லும் கலந்து கிடந்தது. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன்.

"மழ நல்லா பேஞ்சா செவப்பு தூக்கும். உப்பு ஏறிச்சுன்னா கருப்புதான் நிக்கும். எந்த வருசம் இன்னா வரும்னு யாருக்குத் தெரியும்? அதான் ஒண்ணா வெதைக்கிறோம்."

இதை அப்படியே எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். சிரித்தார். கலப்பு விதையைச் சோதனைக்கு வைத்தால் மேலிடத்தில் காறித் துப்புவார்கள், கலவனாகக் கிடக்கும் கருப்பைப் பொறுக்கி எடு என்றார். பெரிய படிப்புப் படித்த மனுஷன்! உப்பைத் தாங்கும் குணம் மரபணுவில் இருக்கிறது, செடிக்குச் செடி மாறும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். நானாவது மறுத்துப் பேசினேனா? வேலை நிரந்தரமாக வேண்டுமே. இரண்டு நாள் முறத்தோடு உட்கார்ந்து, ஒரு கருப்பு மணி விடாமல் பொறுக்கிக் கோழிகளுக்கு வீசினேன்.

சிவப்பை மட்டும் உப்புப் பாத்தியில் விதைத்தோம். ஒரே மாதத்தில் கருகிப் போனது. உப்பைத் தாங்காத ரகம் என்று எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை டைப் அடித்த தடியனும் நான்தான்.

அடுத்த வருடப் புயலில் கழித்தண்ணீர் அந்த அம்மாள் வீட்டுக்குள் புகுந்து விதைப் பானைகளெல்லாம் ஊறிவிட்டன. ஊரில் மற்றவர்கள் அதற்குள் சர்க்கார் கொடுத்த புது விதைக்கு மாறியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பஸ் ஏறி எங்களிடம் வந்தார். மிச்சமிருந்த விதையைப் புட்டியோடு கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டிக் கிளறிப் பார்த்தார்.

"கருப்பு எங்க தம்பி?"

கோழிக்குப் போட்டதைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலாம்.

"வயல் பூரா உப்பு நிக்குது. இத்த எடுத்துனு போயி நான் இன்னா பண்றது?"

நெல்லை ஒரு மணி சிந்தாமல் புட்டிக்குள் திரும்பப் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். புட்டியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: சுத்தமான விதை.